பொம்மைக்கு எவ்வளவு, கட்டைக்கு எவ்வளவு?

2016-ல் லெகோ நிறுவனம் 'மைட்டி மைக்ரோஸ்' என்ற பெயரில் ஆறு சின்னப் பெட்டிகளை விற்பனைக்கு விட்டது. ஒவ்வொன்றிலும் இரண்டு குட்டி வண்டிகள், இரண்டு பொம்மைகள். ஒருவர் நாயகன், எதிரில் நிற்பவர் வில்லன். பேட்மேனும் கேட்வுமனும் இருந்த பெட்டியில் 79 துண்டுகள். ராபின், பேன் பெட்டியில் 77. ஃபிளாஷ், கேப்டன் கோல்ட் 88. ஸ்பைடர்மேன், கிரீன் காப்ளின் 85. கேப்டன் அமெரிக்கா, ரெட் ஸ்கல் 95. ஹல்க், அல்ட்ரான் 80. அமெரிக்கக் கடைகளில் ஒரு பெட்டி 9.99 டாலர். ஆறையும் வாங்கினால் 59.94 டாலர் செலவு. கைக்கு வருவது 504 துண்டுகள், 12 பொம்மைகள்.

அதே காலத்தில், அதே கடையில், 'கிளாசிக்' வரிசையின் பெரிய டப்பா 59.99 டாலருக்குக் கிடைத்தது. அதில் 790 துண்டுகள். பொம்மை ஒன்றுகூட இல்லை. கட்டையும் சக்கரமும் சன்னலும்தான்.

இரண்டு கணக்குக்கும் வித்தியாசம் 5 சென்ட். ஆனால் துண்டுக் கணக்கில் 286 குறைகிறது. ஒரு துண்டின் விலை கிளாசிக் டப்பாவில் 7.6 சென்ட், சூப்பர் ஹீரோ பெட்டிகளில் 11.9 சென்ட். லெகோ வாங்குகிறவர்கள் உலகம் முழுக்க இந்த 'துண்டுக்கு இத்தனை சென்ட்' என்ற அளவுகோலைத்தான் கையில் வைத்திருக்கிறார்கள். அதை வைத்துப் பார்த்தால் சூப்பர் ஹீரோ பெட்டி நட்டம். நட்டம் என்று தெரிந்தும் பிள்ளைகள் அதைத்தான் கேட்கிறார்கள், பெற்றோரும் அதைத்தான் வாங்குகிறார்கள். அவர்களுக்குக் கணக்குத் தெரியவில்லை என்று சொல்லிவிட நான் தயாரில்லை. அளவுகோல்தான் தவறு.

ஒரு பொம்மையில் தலை, உடல், கால், தலைமுடி அல்லது கவசம், கையில் ஒரு பொருள் என்று சராசரியாக 5 துண்டுகள் என வைத்துக்கொள்வோம். 12 பொம்மைக்கு 60. மீதமுள்ள 444 துண்டுகளுக்குக் கிளாசிக் டப்பாவின் விலையையே போட்டால் 33.72 டாலர் ஆகிறது. எஞ்சுவது 26.22 டாலர். அதுதான் 12 பொம்மைக்குக் கொடுத்த விலை, ஒன்றுக்கு 2.19 டாலர். அந்த ஆண்டு லெகோ நிறுவனமே ஒற்றைப் பொம்மையை, உள்ளே யார் இருக்கிறார் என்று தெரியாத பையில் போட்டு 3.99 டாலருக்கு விற்றுக்கொண்டிருந்தது. மைட்டி மைக்ரோஸ் பொம்மைகளுக்கு மடங்காத குட்டைக் கால், எளிய அச்சு. ஆகவே 2.19 என்பது நியாயமான விலை, கொஞ்சம் மலிவு என்றுகூடச் சொல்லலாம்.

இனி வரும் கணக்குகள் எல்லாம் இந்த இரண்டு பத்தி முறையில்தான். ஒரு பத்தியில் பொம்மை, மறு பத்தியில் கட்டை. பொம்மைக்கு நான் போடும் விலை கற்பனை அல்ல. ஒற்றைப் பொம்மைப் பைக்கு அந்தந்த ஆண்டில் நிறுவனம் அமெரிக்காவில் வைத்திருந்த விலை அது: 2012-ல் 2.99 டாலர், 2015 முதல் 2019 வரையிலான கணக்குகளுக்கு 3.99, 2021 முதல் 2023 வரை 4.99.

2012-ன் முதல் வரவு

லெகோவுக்குச் சூப்பர் ஹீரோக்கள் 2012-ல் புதியவர்கள் அல்ல. 2002-ல் முதல் ஸ்பைடர்மேன் படத்தையொட்டிச் சில பெட்டிகள் வந்தன; 2004-ல் இரண்டாம் படத்துக்கு மீண்டும். 2006 முதல் 2008 வரை பேட்மேன் தனி வரிசையாக இருந்தார். 2009-ல் டிஸ்னி ஏறக்குறைய 400 கோடி டாலர் கொடுத்து மார்வெலை வாங்கியது. 2011 ஜூலையில் லெகோ இரண்டு உரிமங்களை ஒருசேர அறிவித்தது: வார்னர் பிரதர்ஸிடமிருந்து டிசி, டிஸ்னியிடமிருந்து மார்வெல். காமிக்ஸ் உலகில் எழுபது ஆண்டுக்கு மேல் போட்டியாளர்களாக இருந்த இரு வீட்டாரும் ஒரே அளவுள்ள பொம்மையாக ஒரே கடை அலமாரிக்கு வந்தார்கள். 2012 மே மாதம் அமெரிக்காவில் வெளியான 'தி அவெஞ்சர்ஸ்' உலகெங்கும் 150 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. பெட்டிகள் அதற்குத் தயாராகக் காத்திருந்தன.

பொம்மைகளோடு வந்த அந்த ஆண்டின் மார்வெல் பெட்டிகளில் மிகச் சிறியது கேப்டன் அமெரிக்காவின் மோட்டார் பைக். 72 துண்டுகள், 3 பொம்மைகள், 12.99 டாலர். பழைய அளவுகோலில் துண்டு ஒன்று 18 சென்ட். கேட்டவுடன் திகைப்பு வரும் விலை. இரண்டு பத்தியில் எழுதினால் கதை மாறுகிறது: பொம்மைக்கு 8.97 டாலர், மீதி 57 துண்டுகளுக்கு 4.02 டாலர். கட்டையின் விலை 7 சென்ட்தான். விலையில் 69 சதவீதம் பொம்மையின் பங்கு.

லோக்கி தப்பி ஓடும் பெட்டியில் 181 துண்டுகள், அயர்ன்மேன், ஹாக்ஐ, லோக்கி என 3 பொம்மைகள், 19.99 டாலர். பொம்மையின் பங்கு 45 சதவீதம், கட்டை 6.6 சென்ட். சூப்பர்மேன், வொண்டர் வுமன், லெக்ஸ் லூதர் மூவரும் வந்த பெட்டியில் 207 துண்டுகள், அதே 19.99 டாலர், கட்டை 5.7 சென்ட். பெரிய பெட்டிக்குப் போவோம். பேட்மேனின் குகை: 690 துண்டுகள், 5 பொம்மைகள், 69.99 டாலர். பழைய கணக்கில் துண்டு 10 சென்ட், கேப்டன் அமெரிக்காவின் பைக்கோடு ஒப்பிட்டால் மலிவு. பொம்மையைப் பிரித்துவிட்டால் கட்டை 8.3 சென்ட், அந்தப் பைக்கைவிட விலை கூடுதல்.

சின்னப் பெட்டி ஏழைப் பிள்ளையை ஏமாற்றுகிறது என்று பலர் சொல்வதுண்டு. துண்டுக்கு 18 சென்ட் என்ற எண்ணே அதற்கு ஆதாரம். எண்ணைப் பிரித்துப் பார்த்த பிறகு அந்தக் குற்றச்சாட்டில் எனக்கு உடன்பாடில்லை. 13 டாலர் கொடுத்த பிள்ளைக்கு மூன்று பேர் கிடைக்கிறார்கள். மூன்று பேர் இருந்தால் ஒரு கதை நடத்தலாம். 70 டாலர் கொடுத்த பிள்ளைக்கு ஐந்து பேர்தான். ஒரு பொம்மைக்கு விழும் மொத்தச் செலவு முதல் பெட்டியில் 4.33 டாலர், இரண்டாவதில் 14 டாலர்.

மையின் விலை, அச்சின் விலை

சூப்பர் ஹீரோ ஏன் இந்தப் பொம்மைக்கு இவ்வளவு பொருந்தினார் என்பதற்குத் தொழிற்சாலைக் கணக்கில் பதில் இருக்கிறது.

லெகோ பொம்மையின் உடல் 1978-ல் வந்தது. உயரம் சுமார் 4 சென்டிமீட்டர். அன்றுமுதல் அந்த உருவம் ஏறக்குறைய மாறவில்லை. பெரும்பாலும் ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக்கை உருக்கி உலோக அச்சில் செலுத்தித் துண்டுகளை வார்க்கிறார்கள். புதிய அச்சு ஒன்று வெட்ட 50,000 டாலருக்கு மேல் பிடிக்கும். அந்த அச்சில் பத்து லட்சம் துண்டு வார்த்தால் அச்சுச் செலவு துண்டுக்கு 5 சென்ட். ஒரு கோடி வார்த்தால் அரை சென்ட். ஒரு லட்சத்தோடு நிறுத்திவிட்டால் 50 சென்ட். இந்தத் தொழிலின் லாபநட்டம் முழுவதும் இந்த வகுத்தலுக்குள் அடங்கியிருக்கிறது.

2000-ங்களின் தொடக்கத்தில் நிறுவனம் இந்த வகுத்தலை மறந்தது. 1990-களின் பிற்பகுதியில் சுமார் 6,000 ஆக இருந்த தனித்தனித் துண்டு வகைகள் 2004-க்குள் 12,000-ஐத் தாண்டின. அதாவது அச்சுகள் பெருகின, ஒவ்வோர் அச்சிலும் வார்த்த எண்ணிக்கை சுருங்கியது. அப்போது வந்த நட்டத்துக்குக் காரணம் இது ஒன்றே அல்ல. கேளிக்கைப் பூங்காக்களிலும் பணம் முடங்கியிருந்தது. 2004-ல் நிகர நட்டம் சுமார் 190 கோடி டேனிஷ் குரோன். அந்த ஆண்டு தலைமைப் பொறுப்புக்கு வந்த யோர்கன் விக் நுட்ஸ்டார்ப் செய்த முதல் வேலைகளில் ஒன்று துண்டு வகைகளைக் கத்தரித்தது. புதிய வடிவம் வேண்டுமென்று கேட்கும் வடிவமைப்பாளர், இருக்கிற வடிவத்தால் ஏன் முடியாது என்று விளக்க வேண்டியதாயிற்று.

இந்தக் கட்டுப்பாட்டுக்குள் சூப்பர் ஹீரோ அச்சு அசலாகப் பொருந்துகிறார். அவரை நாம் முகத்தை வைத்து அடையாளம் காண்பதில்லை, உடையை வைத்துத்தான். சிவப்பும் நீலமும், நெஞ்சில் ஓர் எழுத்து, அல்லது வௌவால், அல்லது சிலந்தி. உடை என்றால் மை; மைக்குப் புதிய அச்சு தேவையில்லை. ஸ்பைடர்மேனைச் செய்ய எந்தப் புதிய வடிவமும் வேண்டாம்: 1978-ன் அதே தலை, அதே உடல், அதே கால், மேலே வலைக்கோடு. பேட்மேனுக்குக் காது வைத்த முகமூடியும் துணியில் ஒரு மேலங்கியும் கூடுதல். தோருக்குத் தலைமுடியும் சுத்தியலும். ஒருமுறை வெட்டிய பேட்மேன் முகமூடி அச்சு, நீல உடை பேட்மேனுக்கும் கறுப்பு உடை பேட்மேனுக்கும் உழைக்கும்.

2017-ல் 'தி லெகோ பேட்மேன் மூவி' படத்துக்காக வந்த ஒற்றைப் பொம்மை வரிசையில் 20 பேர். அவர்களில் 5 பேர் பேட்மேனே: ராக் பாடகர் பேட்மேன், தேவதை பேட்மேன், கற்கால பேட்மேன், விடுமுறைக்குப் போகும் பேட்மேன், கடல் நண்டு பேட்மேன். வரிசையை முழுதாகச் சேர்க்க, ஒன்றுகூட இரட்டிக்காமல் அமைந்தாலும், 79.80 டாலர். அதில் 19.95 டாலர் ஒரே ஆளுக்கு. சேகரிப்பவர்கள் சலித்துக்கொள்ளவில்லை. வேறு எந்தக் கதையுலகிலும் ஒரே பாத்திரத்தை ஐந்து முறை விற்பது இவ்வளவு எளிதல்ல. உடை மாற்றுவது சூப்பர் ஹீரோ கதையின் இயல்பு என்பதால் இங்கே அது பொருந்திப் போகிறது.

குவின்ஜெட், பதினோரு ஆண்டு இடைவெளியில்

விலை ஏறியதா என்று கேட்பவர்களுக்கு நான் காட்டுவது அவெஞ்சர்ஸ் குழுவின் விமானமான குவின்ஜெட்டை. ஒரே பொருளை நிறுவனம் பலமுறை செய்திருப்பதால் ஒப்பிட வசதி.

2012-ன் குவின்ஜெட்: 735 துண்டுகள், 5 பொம்மைகள், 69.99 டாலர். 2023-ன் குவின்ஜெட்: 795 துண்டுகள், 5 பொம்மைகள், 99.99 டாலர். துண்டுக்கு 9.5 சென்ட் என்றிருந்தது 12.6 சென்ட் ஆனது. ஏற்றம் 32 சதவீதம். இந்த இடைவெளியில் அமெரிக்காவின் பொது விலைவாசி ஏறியதும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். நிறுவனம் கூடுதலாக எதுவும் எடுத்துக்கொள்ளவில்லை என்று இங்கேயே கணக்கை முடித்துவிடலாம்.

பத்தி பிரித்தால் வேறொன்று தெரிகிறது. ஒற்றைப் பொம்மையின் விலை 2.99-லிருந்து 4.99 ஆகியிருக்கிறது, 67 சதவீத ஏற்றம். அந்த விலையில் 5 பொம்மையைக் கழித்தால் கட்டையின் விலை 2012-ல் 7.8 சென்ட், 2023-ல் 9.7 சென்ட். ஏற்றம் 26 சதவீதம். கட்டை விலைவாசியை எட்டிப் பிடிக்கவில்லை. பொம்மை விலைவாசியைப்போல் இரண்டு மடங்கு வேகத்தில் ஓடியிருக்கிறது. பொம்மைதான் சரக்கு என்பதை நிறுவனமும் இந்தப் பத்தாண்டில் விலைச்சீட்டின் வழியே ஒப்புக்கொண்டிருக்கிறது.

பெரியவர்களின் பெட்டி

2020-ல் லெகோ தன் பெரிய பெட்டிகளில் '18+' என்று அச்சிடத் தொடங்கியது. சூப்பர் ஹீரோ வரிசையின் கனமான பணம் புரள்வது அங்கே. அந்த முத்திரைக்கு முன்பே வந்த இரண்டையும் சேர்த்து நான் எடுத்துக்கொண்டவை ஐந்து.

ஷீல்ட் ஹெலிகேரியர் (2015): 2,996 துண்டுகள், வழக்கமான அளவில் 5 பொம்மைகள், 349.99 டாலர். பொம்மையின் பங்கு 6 சதவீதம், கட்டை 11.1 சென்ட்.
1989 பேட்மொபீல் (2019): 3,306 துண்டுகள், 3 பொம்மைகள், 249.99 டாலர். பங்கு 5 சதவீதம், கட்டை 7.2 சென்ட்.
டெய்லி ப்யூகிள் (2021): 3,772 துண்டுகள், 25 பொம்மைகள், 299.99 டாலர். பங்கு 42 சதவீதம், கட்டை 4.8 சென்ட்.
ஹல்க்பஸ்டர் (2022): 4,049 துண்டுகள், 1 பொம்மை, 549.99 டாலர். பங்கு 1 சதவீதம், கட்டை 13.5 சென்ட்.
அவெஞ்சர்ஸ் டவர் (2023): 5,201 துண்டுகள், 31 பொம்மைகள், 499.99 டாலர். பங்கு 31 சதவீதம், கட்டை 6.8 சென்ட்.

ஹல்க்பஸ்டரையும் டெய்லி ப்யூகிளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று 52 சென்டிமீட்டர் உயரக் கவச உடல். மற்றது 82 சென்டிமீட்டர் உயரப் பத்திரிகை அலுவலகம். ஸ்பைடர்மேன் கதையில் பீட்டர் பார்க்கர் புகைப்படம் விற்கும் இடம். துண்டு எண்ணிக்கையில் பெரிய வேறுபாடு இல்லை, 277தான். விலையில் 250 டாலர் வித்தியாசம். ப்யூகிள் கட்டடத்துக்குள் டேர்டெவில், பனிஷர், பிளேட், பிளாக் கேட் என்று அதுவரை கிடைக்காத அல்லது கிடைப்பதற்கரிய ஆட்கள் இருந்தார்கள். ஹல்க்பஸ்டருக்குள் ஓர் அயர்ன்மேன்; அவர் ஏற்கெனவே எத்தனையோ பெட்டிகளில் வந்தவர். ஹல்க்பஸ்டர் வெளியானபோது விலையும் தோற்றமும் கடுமையான விமர்சனத்துக்கு ஆளாயின. ப்யூகிள் இந்த வரிசையின் மிகச் சிறந்த பெட்டிகளில் ஒன்று என்று இன்றும் பேசப்படுகிறது. 2022-ல் அதன் விலையை 349.99 ஆக ஏற்றினார்கள். ஏற்றிய பிறகும் கட்டை 6.2 சென்ட்தான், 2012-ன் சின்னப் பெட்டிகளின் நிலை. பெட்டியின் பெருமையைத் துண்டு எண்ணிக்கை தீர்மானிப்பதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான ஜோடி எனக்குக் கிடைக்கவில்லை.

1989 பேட்மொபீல் மட்டும் என் கணக்குக்கு அடங்க மறுக்கிறது. பொம்மையின் பங்கு 5 சதவீதமே. ஆனாலும் ரசிகர்கள் கொண்டாடினார்கள். டிம் பர்ட்டன் படத்தின் அந்தக் கார் 60 சென்டிமீட்டர் நீளத்துக்கு, வளைவுகளோடு, அப்படியே வந்திருந்தது. அங்கே காரே பாத்திரம் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

துண்டுக் கணக்கு எவ்வளவு தூரம் வழிதவறும் என்பதற்கு இன்னொரு கோடி உண்டு. 2022-ல் காமிக்ஸ் ஓவியர் ஜிம் லீ வரைந்த பேட்மேனைச் சுவரில் மாட்டும் படமாகச் செய்யும் பெட்டி வந்தது: 4,167 துண்டுகள், 119.99 டாலர், துண்டு 2.9 சென்ட். இதுவரை சொன்ன எல்லாவற்றையும்விட மலிவு. பெரும்பாலானவை விரல் நுனி அளவுகூட இல்லாத வட்டச் சில்லுகள். சாதாரணமான, எட்டுக் குமிழ் உள்ள 2×4 கட்டை ஒன்றின் எடை சுமார் 2.3 கிராம். ஆனால் பெட்டியின் மேல் அச்சிடும் எண்ணில் அந்தக் கட்டையும் ஒன்று, இந்தச் சில்லும் ஒன்று.

அந்த 2×4 கட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரே நிறத்தில் ஆறு கட்டை இருந்தால் அவற்றை 91,51,03,765 விதமாகப் பொருத்தலாம் என்று கோபன்ஹேகன் பல்கலைக்கழகக் கணிதவியலாளர் சோரன் ஐலர்ஸ் கணக்கிட்டார். சின்னச் சூப்பர் ஹீரோ பெட்டிகளில் இந்தக் கட்டை அபூர்வம். இருப்பவை சாய்தளங்களும் தகடுகளும் சக்கர அச்சுகளும். கட்டத் துடிக்கிற பிள்ளைக்குக் கிளாசிக் டப்பா தருவதை மைட்டி மைக்ரோஸ் தராது. இது எனக்கு உண்மையான வருத்தம். பொம்மைக்காகப் பெட்டி வாங்கும் வழக்கம் வலுத்தால், வீட்டில் சேர்வது பாத்திரங்கள் நிறைந்த, கட்டைகள் போதாத ஒரு கூடை. இரண்டையும் கலந்து வாங்கிய வீட்டில்தான் பேட்மேன் தங்குவதற்கு ஒரு வீடு கிடைக்கும்.

நிறுவனத்தின் பேரேட்டில்

இந்த வரிசை லெகோவுக்கு எவ்வளவு சம்பாதித்துக் கொடுத்தது? ஆண்டறிக்கைகள் கருப்பொருள் வாரியாக விற்பனையைப் பிரித்துத் தருவதில்லை. மொத்தம் மட்டும் இருக்கிறது. 2011-ல் வருவாய் 1,870 கோடி குரோன். 2012-ல் 2,340 கோடி. ஒரே ஆண்டில் 25 சதவீத உயர்வு. நிகர லாபம் 420 கோடியிலிருந்து 560 கோடியானது. முழுப் பெருமையையும் அவெஞ்சர்ஸுக்குக் கொடுக்கக் கூடாது. பெண் குழந்தைகளை மனத்தில் வைத்து 'ஃபிரண்ட்ஸ்' வரிசை தொடங்கியதும் அதே 2012-ல்தான். அதன் வெற்றி மிகப் பெரியது.

திரைப்படம் வந்தால் பெட்டி தானாக விற்கும் என்ற நம்பிக்கைக்கு 2017 ஒரு பதில். பிப்ரவரியில் 'தி லெகோ பேட்மேன் மூவி' வந்து உலகெங்கும் 31 கோடி டாலர் வசூலித்தது. 2014-ன் முதல் லெகோ படம் ஈட்டிய சுமார் 47 கோடியைவிடக் குறைவு, ஆனாலும் நல்ல வசூல். செப்டம்பரில் நிஞ்சாகோ படமும் வந்தது. இரண்டு படம் வந்த அந்த ஆண்டில் நிறுவனத்தின் வருவாய் 3,790 கோடியிலிருந்து 3,500 கோடி குரோனாக, 8 சதவீதம், சரிந்தது. பத்தாண்டுக்கு மேல் காணாத சரிவு. கடைகளிலும் கிடங்குகளிலும் சரக்கு தேங்கியிருந்தது. 1,400 பேருக்கு வேலை போனது.

இன்னொரு எண்ணையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 2022-ல் மிக அதிகமாக விற்றவை என்று நிறுவனம் பெயர் சொன்ன ஐந்து வரிசைகள் சிட்டி, டெக்னிக், ஐகான்ஸ், ஹாரி பாட்டர், ஸ்டார் வார்ஸ். மார்வெலும் டிசியும் அந்தப் பட்டியலில் இல்லை. திரையிலும் தெருவிலும் கேட்கும் ஆரவாரத்தை வைத்து இதுதான் முதலிடம் என்று நினைப்பவர்கள் உண்டு. பேரேடு அப்படிச் சொல்லவில்லை. 2024-ல் நிறுவனத்தின் மொத்த வருவாய் 7,430 கோடி குரோன், லாபம் 1,380 கோடி. அதைத் தாங்கும் பல தூண்களில் சூப்பர் ஹீரோ ஒன்று.

போலியும் பூட்டிய பெட்டியும்

எங்கே பணம் இருக்கிறது என்பதைப் போலி செய்கிறவர் சரியாகக் கண்டுபிடித்துவிடுவார். சீனாவில் 'லெபின்' என்ற பெயரில் லெகோ பெட்டிகளை அப்படியே நகலெடுத்து விற்ற கூட்டத்தின்மேல் 2019-ல் காவல்துறை சோதனை நடத்தியது. 2020-ல் ஷாங்காய் நீதிமன்றம் தீர்ப்பளித்தது: 634 வகைகள், 42 லட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள், மதிப்பு 30 கோடி யுவானுக்கு மேல். தலைமை ஏற்றவருக்கு 6 ஆண்டு சிறையும் 9 கோடி யுவான் அபராதமும். பெட்டியை முழுதாக நகலெடுத்தவர்கள் அவர்கள். வேறு பலர் கட்டைகளை விட்டுவிட்டு, சூப்பர் ஹீரோ பொம்மையை மட்டும் தனித்தனியாக வார்த்து விற்கிறார்கள். லெகோ எந்தப் பெட்டியிலும் தராத பாத்திரங்களைக்கூட அவர்கள் தருகிறார்கள். கட்டையை நகலெடுப்பதில் லாபம் மெலிது என்பது அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

எதிர்த்திசையில் இன்னொரு கூட்டம், பெட்டியைப் பிரிக்காமல் பூட்டி வைப்பவர்கள். மாஸ்கோவின் உயர் பொருளாதாரப் பள்ளியைச் சேர்ந்த விக்டோரியா டொப்ரின்ஸ்கயா, யூலியா கிஷிலோவா இருவரும் 1987 முதல் 2015 வரையிலான 2,322 லெகோ பெட்டிகளின் விலையை ஆராய்ந்து, சராசரியாக ஆண்டுக்கு 11 சதவீத ஆதாயம் என்று எழுதினார்கள். எல்லா வரிசைகளும் சேர்ந்த எண் அது. அந்த வேகத்தில் 100 டாலர் பத்து ஆண்டில் 284 டாலராகும். சராசரி என்ற சொல்லுக்குள் பாதி விலைக்கு இறங்கியவையும் பல மடங்கு ஏறியவையும் அடக்கம். அவர்கள் கண்டதில் சிறிய பெட்டிகளும் மிகப் பெரிய பெட்டிகளும் நடுத்தரப் பெட்டிகளைவிட நன்றாக ஏறின. சிறிய பெட்டி ஏன் ஏறுகிறது என்பதற்கு, கேப்டன் அமெரிக்கா பைக்கின் 69 சதவீதத்தை நான் மீண்டும் காட்டுவேன். எனினும் உறை பிரியாத பொம்மை எந்தப் பிள்ளையின் கைக்கும் போகாத பொம்மை. அதை ஆதாயம் என்று எழுத என் பேனா தயங்குகிறது.

சுங்கத்தில்

இந்தியாவில் வாங்குகிறவருக்குக் கணக்கு இன்னொரு வரி நீள்கிறது. டென்மார்க், ஹங்கேரி, செக் குடியரசு, மெக்சிகோ, சீனா, அண்மையில் வியட்நாம் ஆகிய நாடுகளில் லெகோவின் சொந்த ஆலைகள் இருக்கின்றன. நம் கடைக்கு வருவது இறக்குமதி. பொம்மைகள் மீதான அடிப்படைச் சுங்கத் தீர்வை 2020 பிப்ரவரியில் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது. 2023 நிதிநிலை அறிக்கையில் 70 ஆனது. அந்த விகிதத்தில் 100 ரூபாய் மதிப்புள்ள பெட்டி, வேறு எந்த வரியையும் சேர்க்கும் முன்பே 170 ரூபாய்.

உள்நாட்டுப் பொம்மைத் தொழிலைக் காப்பது இந்தத் தீர்வையின் நோக்கம். மலிவுப் பிளாஸ்டிக் பொம்மைக்கு அந்த நோக்கம் புரிகிறது. ஆனால் தீர்வை விழும் மதிப்பில் கட்டை மட்டும் இல்லை. இந்தியச் சுங்க மதிப்பீட்டு விதிகளின்படி, விற்பனையின் நிபந்தனையாகச் செலுத்தும் உரிமத் தொகையும் சரக்கின் மதிப்பில் சேரும். பேட்மேன் என்ற பெயருக்கும் மார்வெல் என்ற முத்திரைக்கும் நிறுவனம் கொடுக்கும் பங்கு, பெட்டியின் விலைக்குள் ஏற்கெனவே கரைந்திருக்கிறது. கேப்டன் அமெரிக்கா பைக் பெட்டியின் விகிதம் இறக்குமதி மதிப்பிலும் அப்படியே இருப்பதாகக் கொண்டால், கூடுகிற 70 ரூபாயில் 48 ரூபாய் அந்த மூன்று பொம்மைகளின் தலையில் விழுகிறது, 22 ரூபாய் கட்டைகளின்மேல். டெய்லி ப்யூகிளின் விகிதத்தில் அது 29-ம் 41-ம் ஆகிறது.